சாட்சியின் ‘நான்’

ஒரிஸ்யா செர்னிஹிவ் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி ஆங்கிலத்தில் ‘நான்’ என்றால் அவளும் உக்ரைனிய மொழியில் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்; அதுதான் தொழில்முறை. குண்டுவீச்சில் இறந்த ஓஸ்தாப்பைப் பற்றி வெளிநாட்டு மருத்துவர் சொன்ன சாட்சியத்தை அவள் அப்படித்தான் சொன்னாள்: "நிலவறையில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். என் நினைவுக்கு எட்டியவரை அவருக்கு வலி தெரியவில்லை."

இடைவேளையில் ஓஸ்தாப்பின் தாய் மெலானியா, மருத்துவரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே இவளிடம் வந்தாள்.

"ஏம்மா, எம் புள்ளைக்கு வலிக்கலதானே?"

"அது டாக்டர் சொன்னதும்மா. நான் அங்க இல்ல."

"உன் வாயாலதான கேட்டேன்? அந்த ‘நினைவுக்கு எட்டியவரை’ய மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவ சொல்லு கண்ணு. கோர்ட்டுக்கு வேணாம், எனக்குச் சொல்லு."

சாட்சியத்தில் ஒரு சொல்லைக்கூட ஒரிஸ்யா இதுவரை விட்டதில்லை. மெலானியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

"வலிக்கலம்மா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"அந்த நிலவறை ரொம்பக் குளிரா இருந்துச்சாமே?"

"ஆமாம்மா. என் கம்பளிக் கோட்டத்தான் போத்திவிட்டேன்."

மெலானியா அவள் கையை முத்தமிட்டுவிட்டு அழுதபடியே போனாள். ஒரிஸ்யா அங்கேயே நின்றாள். அந்தக் கோட்டைப் பற்றி மருத்துவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை; அவள் அந்த நிலவறையைப் பார்த்ததும் இல்லை. ஆனால் அதன் ஈரக் கம்பளி வாடை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.