கவிதாவின் பட்டனை யார் தொட்டது?

புளூடூத்தைச் சேர்த்து வைப்பது, கோபித்துக்கொண்ட சம்பந்திகளைச் சேர்த்து வைப்பது மாதிரி. சாயங்காலம் சிரிப்பார்கள், காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் வீட்டு ஸ்பீக்கரும் அப்படித்தானே? அப்போ நீங்களும் நம்ம கட்சி.

பினாங்கில் வீடு வீடாகப் போய் இதைச் சரிசெய்வதுதான் என் பொழப்பு. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் கவிதா என்றொரு பெண். பேச்சு வராது. கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புளூடூத் பட்டன். அதை அழுத்தி டேப்லட்டில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால், டேப்லட் அவளுக்காகப் பேசும். ஒரு கம்பெனி அவளை ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. பட்டன் மக்கர் பண்ணினால் வேலை போச்சு.

அப்பாவின் ஃபோன்

முதல் தடவை போனபோது டேப்லட் ஊமையாகக் கிடந்தது. ஹாலில் அப்பா ஃபோனில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் கவிதா பட்டனை அழுத்தும்போதெல்லாம் ஹாலில் ஆட்டம் நின்றது. பட்டன் நல்லா இருக்கா என்று பார்க்க, மனுஷன் அதைத் தன் ஃபோனோடு இணைத்துவிட்டு மறந்திருக்கிறார். ஃபோனைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு வேறு.

"பேய் பிடிச்சிருச்சின்னு நெனச்சி கோயில்ல மந்திரிச்சிக் கட்டிட்டேன் தம்பி!"

ஓய்வெடுக்கும் ஆயுதம்

இன்டர்வியூவுக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பட்டனை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி அப்பாவிடமிருந்து மறுபடியும் அழைப்பு. போய்ப் பார்த்தால், பட்டன் சாமி மேடையில், ஸ்பேனருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் இருக்கிறது. சார்ஜ் போடும் ஓட்டை நிறைய சந்தனம். "இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாதுலா, நாளைக்குக் காலையில எடுத்துக்கோங்க" என்றார் அம்மா. வீடு நிறைய சொந்தக்காரர்கள். பட்டன் இல்லாமல் கவிதாவால் யாரோடும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அம்மாவின் கையில் ஃபோன் இருந்தது. "அக்கா, இதை மேடையில வைக்கலியா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஃபோன் இல்லாம ஒரு நாள் எப்படி தம்பி இருக்கிறது?"

இன்டர்வியூ

மறுநாள் காலை நான் பல்குச்சியால் சந்தனத்தை நோண்டிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி மேடம் லைனில் வந்துவிட்டார். நம்ம தமிழ்க்காரம்மாதான். கேள்வி கேட்டதெல்லாம் கவிதாவை. பதில் சொன்னதெல்லாம் அம்மா. "ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறீங்க கவிதா?" "அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல மேடம், சும்மா பொழுது போகணும், அவ்வளவுதான்." கவிதாவின் முகம் சிவந்துவிட்டது.

பட்டனுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறி, டேப்லட்டோடு சேர்ந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். அதுவரை அம்மா பேசிக்கொண்டேதான் இருந்தார். டேப்லட் உரக்கக் கேட்டது:

"அம்மா, வேலைக்குப் போறது நானா, நீங்களா?"

வீட்டு ஆளுங்க கொஞ்சம் சும்மா இருந்தாலே புளூடூத் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் அப்புறம் நான் சோத்துக்கு எங்கே போறது!