டச்சிங்கில் போன சூப்பர்நோவா

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பது நான். கடையில் உட்கார்ந்து டச்சிங் செய்வது என் மனைவி. மணப்பெண்ணின் முகப்பரு, மாப்பிள்ளை சட்டையில் தெறித்த சாம்பார், எதுவும் அவளிடம் தப்பாது. அது தொழில். டெலஸ்கோப் என் கிறுக்கு.

அந்தச் சித்திரையில் இரண்டு கேலக்ஸிகள் என்னைப் பிடித்து ஆட்டின. ஒன்றையொன்று நெருங்கி இழுத்ததில் இரண்டுக்கும் நீளமாக வால் கிளம்பியிருக்கும் ஜோடி. அதில் ஒன்றில் நட்சத்திரம் வெடித்திருப்பதாக இணையத்தில் படித்தேன். சூப்பர்நோவா. ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்தது, சில நாளில் என் டெலஸ்கோப்புக்கு எட்டாமல் போய்விடும். வாழ்நாளில் ஒன்றையாவது நானே பிடிக்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவன் நான். இருப்புக்கொள்ளவில்லை.

பிரம்மதேசம் பக்கம் நண்பர் ஒருவரின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், டெலஸ்கோப்பை நிறுத்தினேன். காட்டுப்பன்றி வராமலிருக்க எரியவிடும் பல்பை எனக்காக அணைத்துவைத்தார், புண்ணியவான். கேமராத் திரையில் இரண்டு மங்கலான திட்டுகள்தான் தெரிந்தன. எடுத்த அத்தனை படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஸ்டுடியோவில் அந்த வேலையை ஓடவிட்டுவிட்டு, அப்படியே விழுப்புரத்தில் ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பினேன்.

மதியம் திரும்பியபோது படம் பிரிண்ட் ஆகி, ஃபிரேம் போட்டு, கவுன்டர்மேல் நின்றது. எனக்குத் தெரியாமல் மனைவி செய்துவைத்திருந்தாள். அழகான படம். வால் இரண்டும் துல்லியமாக விழுந்திருந்தன. சூப்பர்நோவா இருக்க வேண்டிய இடம் மட்டும் மழமழவென்று கிடந்தது.

"அங்க ஒரு புள்ளி அசிங்கமா இருந்துச்சிங்க. எடுத்துட்டேன்" என்றாள்.

அதே ஃபைலின்மேல் சேவ் செய்திருந்தாள். ஃபைனல் தயாரானதும் மூலப் படங்களை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு இடம் பண்ணுவது எங்கள் கடை வழக்கம். அதையும் தவறாமல் செய்திருந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பதையும் பார்க்காமல் கத்தினேன்.

அதன்பிறகு மேகம் பிடித்துக்கொண்டது. வானம் தெளிந்ததும் மறுபடி அதே கொல்லைக்கு ஓடினேன். கேலக்ஸிகள் இருந்தன. எவ்வளவு அடுக்கியும் புள்ளி வரவில்லை.

மறுநாள் சாப்பாடு போடும்போதுதான் அது என்னவென்று கேட்டாள். வெடித்த நட்சத்திரம், அந்த வெளிச்சம் இங்கே வந்து சேரக் கோடிக்கணக்கான வருஷம் ஆகியிருக்கிறது என்றேன். கரண்டி அப்படியே நின்றது.

"அவ்ளோ காலமா வந்துக்கினு இருந்தத நானா தொடச்சிட்டேன்?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அழாதே, எப்படி இருந்தது சொல் என்றேன்.

"கீழ இருக்கறதுல, வாலு கிளம்புற எடத்துக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி. மத்த நட்சத்திரம் மாதிரி வெள்ளையா இல்லீங்க, லேசா ஆரஞ்சு. நல்லா பெருசு பண்ணித்தான் பார்த்தேன்."

நான் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பாடுபட்டும் நான் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.