இடது காலுக்கு இரண்டு வேலை

அந்தச் சிவப்புக் கார் சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்குள் நுழைந்த பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உருவத்தில் சிறியது, ஆனால் டர்போ இன்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். புதுச்சேரியில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் விற்றிருந்தார்கள். அதை ஓட்டிவந்தவர் என் தாய்மாமா. தெருமுனையில் ஒருமுறை, குவார்ட்டர்ஸ் கேட்டருகே ஒருமுறை என வண்டி அணைந்துபோனது. பிறகு ஒரே உறுமலாக ஏறி வந்து, செம்பருத்திச் செடியை உரசி நின்றது. மாமா இறங்கி, கூடியிருந்தவர்களை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார்.

நான் முகம் கொடுக்கவில்லை. அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எந்தக் காரை வாங்கலாம் என்று மாமா என்னிடம்தான் கேட்டிருந்தார். நானும் படித்ததையெல்லாம் விளக்கியிருந்தேன். அதே கார் ஆட்டோமேட்டிக்கிலும் வருகிறது. அதில் கிளட்ச் இரண்டு, இரண்டையும் வண்டியே இயக்கிக்கொள்ளும். ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக இருக்கும். மனிதக் கை எவ்வளவு வேகமாக மாற்றினாலும் அந்த கியர்பாக்ஸுக்கு ஈடாகாது. வேகம் வேண்டும் என்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். மாமா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போய் கியர் வண்டியை ஓட்டிவந்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். மாமா சுரங்கத்தில் மண் ஏற்றிக் கொட்டும் டம்பர் லாரி ஓட்டினார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கான்ட்ராக்டில் மண் சுமந்து, பல வருடம் காத்திருந்து பெர்மனென்ட் ஆனவர். அவருடைய டம்பர் ஒரு வீட்டளவு உயரம். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது. கியர்கள் தாமாகவே மாறும். ஹெவி லைசென்ஸ் எடுப்பதற்காக லாரி ஓட்டிக் காட்டியதோடு கியருக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துபோயிருந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவர் சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஷிஃப்ட் பஸ் டிரைவர். நாள் முழுக்க கியர் போட்டுத் தோள் வலிப்பதையே ஒரு பெருமையாகச் சொல்லுவார். மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்டீரிங்க புடிச்சிகினு தூங்கினாலும் உன் வண்டி ஓடும்யா" என்பார். மாமா சிரிப்பார். அந்தக் கேலிக்கான பதில்தான் சிவப்புக் கார்.

சிக்கல் அவருடைய இடது காலில் இருந்தது. டம்பரில் சரிவு இறங்கும்போது வேகத்தைப் பிடித்துவைக்கும் மிதி இடது பக்கம் இருக்கும். பல வருடங்களாக அந்தக் கால் ஆபத்தைக் கண்டால் மிதித்துப் பழகியது. காரில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பண்ருட்டியில் பலாப்பழ சீசன். கடைத்தெருவில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றதும் மாமாவின் இடது கால் முழு பலத்தோடு இறங்கியது. வலது கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது. இன்ஜின் ஓலமிட்டது, வண்டி நிற்காமல் தண்ணீரில் விட்ட படகு மாதிரி நழுவிப் போனது. மாமா ஸ்டீரிங்கை ஒடித்ததில் ஆட்டோ தப்பியது, ஓரத்தில் குவித்திருந்த பழங்கள் தப்பவில்லை. பழக்காரம்மா இடுப்பில் கை வைத்தபடி, "அருவா இருக்குது, கேட்டா குடுத்திருப்பேனே. பழத்தப் பொளக்க காருல வரணுமா?" என்றார். பிளந்த பழங்கள் அத்தனையும் பின்சீட்டில் ஏறின. இரண்டு நாள் எங்கள் பிளாக் முழுக்கப் பலாச்சுளை தின்றது. பஸ் டிரைவரும் தின்றார், தின்றுகொண்டே பேசவும் செய்தார்.

அத்தை காரை விற்கச் சொன்னார். நான் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றச் சொன்னேன். மாமா இரண்டையும் கேட்கவில்லை. காலைப் பழக்க ஆரம்பித்தார். இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் டவுன்ஷிப்பின் அகலமான சாலைகள் காலியாக இருக்கும். அங்கே போய் நிறுத்துவார், எடுப்பார், மறுபடி நிறுத்துவார். வீட்டில் டிவி பார்க்கும்போதும் இடது பாதம் தரையை மிதித்துக்கொண்டிருக்கும். "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று அத்தை கேட்பார். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தக் கால் கற்றுக்கொண்டது. சேத்தியாத்தோப்பு வரை என்னை ஒருமுறை கூட்டிப்போனார். வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது இன்ஜின் குரல் உயர்ந்து, கிளட்ச் விடுபட்டதும் அலுங்காமல் பொருந்தியது. நான் சொன்ன கியர்பாக்ஸ் இதை இன்னும் வேகமாகச் செய்திருக்கும். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை.

சில வாரங்களில், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகல். சுரங்கச் சரிவில் காலி டம்பரோடு இறங்கிக்கொண்டிருந்தார் மாமா. வேகம் கூடுவதை உணர்ந்ததும் கால் போனது. ஆனால் போன விதம் வேறு. டம்பரின் இடது மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். கிளட்சை ஒரே மிதியாக அடிவரை மிதிக்க வேண்டும். அவர் கால் ஒரே மிதியாக மிதித்தது. நனைந்த களிமண்ணில் டம்பர் குறுக்கே திரும்பி வழுக்கியது. பின்னால் வந்த டம்பர்காரர் தன் வண்டியை ஓரத்து மண் மேட்டில் ஏற்றி நிறுத்தியதால் இருவரும் பிழைத்தார்கள். மழையும் களிமண்ணும் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். மாமா மட்டும் அப்படி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்தபடியே என்னிடம் சொன்னார்:

"காலு ரெண்டு வேல பாக்காது பாப்பா. அங்க இன்னொருத்தன் வந்துகினு இருக்கான் பின்னால."

அந்த வாரமே காரை விற்றார். குள்ளஞ்சாவடியிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப்போனார். இப்போதாவது ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்றேன். என் பேச்சில் தவறில்லை: இடது காலுக்கு வேலையே இல்லாத, அதே அளவு வேகமான, பணிக்கும் இடைஞ்சல் தராத கார். இன்றும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மாமா வாளியில் இருந்த தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, "அது டம்பர்தானேம்மா. டூட்டிய வூட்டுக்குக் கொண்டாந்து நிறுத்தச் சொல்றியா?" என்றார். அதன்பின் ஓய்வு பெறும்வரை ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். பஸ் டிரைவர் தன் பழைய கேலியை அதோடு நிறுத்திக்கொண்டார்.

படிப்பு முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் முதல் பெண் நான். வருடத்துக்கு வருடம் எங்கள் மேசைக்கு வரும் கிளட்ச் மிதிகள் குறைந்தன. வேகமான மாடல்களில் முதலில் குறைந்தன. வாங்குபவர்களும் கேட்கவில்லை, சோதனை எண்களும் அவற்றுக்கு ஆதரவாக இல்லை.

ஓய்வு பெற்ற நாள் மாலை மாமா போன் செய்தார். மாலை போட்டார்களாம், சால்வை போர்த்தினார்களாம், எதிர்வீட்டு பஸ் டிரைவர் அழுதாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "இன்னிலேருந்து இந்தக் காலு என்னுது" என்றார். அந்தச் சிவப்பு வண்டி இன்னும் புதிதாக வருகிறதா என்று கேட்டார். வருகிறது, ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் என்றேன். கியர் வைத்ததை நிறுத்திவிட்டார்கள்.

"நீ அப்பவே சொன்னவதான்" என்றார். குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. "பழசு எங்கனா கெடைக்குமான்னு பாரு."

போனை வைத்துவிட்டு, பழைய கார்கள் விற்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். கியர்பாக்ஸ் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வேலைப் பழக்கத்தில் விரல் ஆட்டோமேட்டிக்கைத் தொட்டுவிட்டது. அதை நீக்கிவிட்டு மற்றதைத் தொட்டேன்.