அஜீசுன்னிசா வீடு பார்த்த விதம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வாங்கவோ விற்கவோ வேண்டுமென்றால் ஜெகதீசனைக் கேள் என்பார்கள். அந்த ஜெகதீசன் நான்தான். புரோக்கர் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வெயிலில் அலைந்து, மாடி மாடியாக ஏறி இறங்கி, பத்திரம் பதிவாகும்வரை இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன் நான். ஒருத்தர் வாஸ்து பார்ப்பார், ஒருத்தர் போர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்ப்பார், எல்லாரையும் சமாளித்திருக்கிறேன். என் உயிரை வாங்கியது அஜீசுன்னிசா ஒருத்திதான். இன்றைக்கு அவள் பேரை எடுத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் வண்ணாரப்பேட்டையில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் மஜீது, கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். இவள் வீட்டிலேயே மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் போனால் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு கறார், சிரிப்பு தாராளம். ஒரே பெண் மஹீன், மூன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தைக்கு வீசிங். அவர்கள் குடியிருந்த வாடகை வீடு துறைமுகத்துக்கு லாரி போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. பகலில் புகை, இரவில் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தால் வீட்டை மாற்றுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

வேலை, பிழைப்பு, சொந்தபந்தம் எல்லாம் வடசென்னையில். இதைவிட்டு வேறு பக்கம் போகவும் முடியாது. சொந்த வீடு என்பது அவர்களைப் போன்றவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான். அதைத் தப்பான தெருவில் வாங்கிவிட்டால் குழந்தையின் மூச்சு என்ன ஆவது? அவளுக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

முதல் வீடு காட்டப் போன அன்று நான் சாவியோடு வாசலில் நிற்கிறேன். அவள் வீட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஜெகதீசண்ணா, வூட்ட அப்பறமா பாக்கலாம். மொதல்ல பக்கத்து வூட்டுக் கதவத் தட்டுங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்ததும் இவள் பையிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்தாள். சட்டைக்கு வெட்டுகிற வெள்ளைத் துணி, வேட்டியில் பாதி இருக்கும்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. இத்த உங்க மாடிக் கொடியில காயப்போட்டுக்கட்டா? நாளிக்கி இதே நேரத்துக்கு வந்து எடுத்துக்கினு போறேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே வந்ததும், "இன்னா தங்கச்சி இது?" என்றேன்.

"துணியில வுழுறதுதாண்ணா எம்பொண்ணு நெஞ்சுலயும் வுழும். அது ஒண்ணு. யாருன்னே தெரியாத ஒருத்தி துணிய கொடியில போட வுடுறாங்களா? அது இன்னொண்ணு. காத்தும் நல்லா இருக்கணும், அக்கம்பக்கமும் நல்லா இருக்கணும். ராத்திரி புள்ளைக்கு மூச்சு வாங்கிச்சின்னா இவுரு யார்டுல இருப்பாரு. நான் யார் வூட்டுக் கதவத் தட்டுறது, சொல்லுங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் தொழிலில் வீட்டை எப்போதும் மத்தியானத்துக்கு மேல் காட்டுவோம். கடல்காற்று ஏறுகிற நேரம், எந்தத் தெருவும் சொர்க்கமாக இருக்கும். ஒரு முழு நாள் துணியைத் தொங்கவிட்டால் என் தொழில் என்ன ஆகும்?

தொங்கத்தான் விட்டாள். ஒரு தெருவில், "இன்னாம்மா, மந்திரிச்சுக் கொண்டாந்தியா?" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு தெருவில் துணி கடுகு தாளித்துக் கொட்டின மாதிரி திரும்பி வந்தது. யானைக்கவுனிப் பக்கம் மஜீதின் சொந்தக்காரர் ஒருத்தர் சகாய விலையில் ஒரு வீடு சொன்னார். அங்கே மனிதர்கள் தங்கம், ஆனால் சந்தில் வெயில் இறங்குவதே இல்லை. மறுநாள் போனால் துணி அப்படியே ஈரமாக இருந்தது. விம்கோ நகரில் ஒரு புது அபார்ட்மெண்ட், லிஃப்ட் இருக்கிறது, மெட்ரோ பக்கத்தில். மஜீதுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அசோசியேஷன் செக்ரட்டரி வந்து, பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, ரூல் என்றார். இவள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"துணிக்கே எடமில்லன்றாங்க. எனக்கு எங்க எடம் கீது?"

மஜீது என்னிடம் புலம்பினார். "மாமு, என்னால முடியல. ஊருல இருக்குற கொடியில எல்லாம் என் துணி தொங்கிக்கினு கீது."

"உன் பொஞ்சாதிக்கு நீயே சொல்லு நைனா," என்றேன். சொல்லிப் பார்த்திருப்பார் போல. அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

கடைசியில் காத்திவாக்கம் பக்கம் ஒரு வீடு அமைந்தது. தனி வீடு, நல்ல தண்ணீர், அகலமான தெரு, விலையும் அவர்கள் கைக்கு எட்டுகிற விலை. சொந்தக்காரர் தேசப்பன். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தது அவருடைய தம்பி கிருஷ்ணப்பன் குடும்பம். கிருஷ்ணப்பன் முன்பு கழிமுகத்தில் இறால் பிடித்தவர், மீன்பாடு குறைந்துபோனதும் ஷேர் ஆட்டோ ஓட்ட வந்துவிட்டார். கதவைத் திறந்தது அவர் மனைவி பவுனம்மாள். அஜீசுன்னிசா துணியை நீட்டி முடிக்கவில்லை, அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

"குந்துங்கக்கா. மோர் குடிச்சிட்டுப் போலாம்."

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மறுநாள் போனோம். பவுனம்மாள் துணியை மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். விரித்தால் பளீர் வெள்ளை, ஒரு புள்ளி கிடையாது. நான் தெருவிலேயே கத்திவிட்டேன். "பாத்தியா தங்கச்சி! நான் சொன்னேனா இல்லியா?"

அஜீசுன்னிசா துணியை மூக்கில் வைத்து முகர்ந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் மாறிப்போனது.

"இது என் சோப்பு இல்லண்ணா. நீலமும் போட்டுக் கீது."

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். பவுனம்மாள் வந்தாள்.

"இத்தத் தொவச்சியாம்மா?"

"ஆமாக்கா. காத்தால பாக்க சொல்லோ ஒரே கருப்பு. நம்பிக் குடுத்துட்டுப் போன துணிய கலீஜாவா திருப்பித் தர்றது? எனக்கு மனசு கேக்கல. அதான் தொவச்சி உள்ளாற ஃபேன் காத்துல காயவச்சேன்."

இரவல் வாங்கின பாத்திரத்தைக்கூடக் கழுவிக் கவிழ்த்து, துளி சர்க்கரையாவது போட்டுத் திருப்பித் தருகிற ஊர் இது. துணியை மட்டும் விடுவார்களா? அவ்வளவு நல்ல மனசு எங்கள் பரீட்சையைக் கெடுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அஜீசுன்னிசா சிரிக்கவில்லை. எதற்காகக் கொடுத்த துணி என்று அவளிடம் சொன்னாள். மஹீனைப் பற்றியும் சொன்னாள். பவுனம்மாள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

"அப்பிடின்னா இந்த வூடு வேணாங்க்கா. மத்தியானம் சோக்கா இருக்கும். ராத்திரி காத்து திரும்பிச்சின்னா பவர் ஹவுஸ் சாம்பலும் கரியும் அப்பிடியே வந்து வுழும், வாடைக்காத்து அடிச்சா இன்னும் மோசம். சோத்துல வுழும், தண்ணியில வுழும். மூச்சுக் கோளாறு கீற புள்ளைய இங்க கூட்டியாராதீங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னாம்மா நீ! விக்கிறது உன் மச்சாண்டார் வூடும்மா. அவுருக்குத் தெரிஞ்சா ரப்சர் பண்ண மாட்டாரா?"

"பண்ணட்டும். புள்ள விசயத்துல பொய் சொல்லச் சொல்றியாண்ணா?"

உள்ளேயிருந்து ஒரு குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, அடித்தொண்டையிலிருந்து வருகிற இருமல். அஜீசுன்னிசாவுக்கு அந்த இருமலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரு அது?"

"எம்பொண்ணுதாங்க்கா, ஜோதிகா. அது பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான். பழகிப்போச்சி."

ஒரு தாய்க்குப் பிள்ளையின் இருமல் பழகிப்போவது என்றால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாதி வழியில் திடீரென்று சொன்னாள்.

"ண்ணா, இனிமே ரெண்டு போர்ஷன் வூடா பாருங்க. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. எவ்ளோ பழசா இருந்தாலும் பரவால்ல."

"ரெண்டு எதுக்கும்மா?"

"பாருங்களேன்."

திருவொற்றியூரில், மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அப்படி ஒரு வீடு கிடைத்தது. வீடா அது! மொட்டைமாடி ஒழுகும், மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருத்தர் பின்னால் போக வேண்டும், பைக் நிறுத்த இடம் கிடையாது. வாடைக்காற்று அடிக்கிற மார்கழி வரைக்கும் என்னை இழுத்தடித்து, துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஒன்றிரண்டு தூசி இருந்தது, கரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் துணியை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். மனதில் பட்டதை நான் சொன்னேன்.

"காத்து பாஸ். அக்கம்பக்கம் சுமாரும்மா. யோசிச்சிக்க."

"அக்கம்பக்கத்த நானே கொண்டாந்துடுறேண்ணா," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ வருஷமாக வீடு காட்டுகிறேன், மனிதர்கள் நல்ல பக்கத்து வீட்டைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருகிறவளை இவளிடம்தான் பார்த்தேன்.

பத்திரம் முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு காத்திவாக்கம் போனாள். பவுனம்மாள் நம்பவில்லை.

"நாங்க வாடகைக்கு வர்றதாக்கா? உங்க வூட்டுக்கா?"

"இங்க குடுக்குற வாடகையே அங்க குடு. உங்க வூட்டுக்காரருக்கு ஷேர் ஆட்டோ அங்கயும் ஓடும். நாங்க மேல, நீங்க கீழ."

"இல்லக்கா, தெனம் மீன் கொழம்பு. வாசன மேல ஏறுமே."

"நாங்க இன்னா வெறும் கத்திரிக்காயா துன்னுக்கினு கீறோம்? ஏறட்டும்."

கிருஷ்ணப்பன் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். அண்ணன் தேசப்பன் ஏற்கெனவே பேச்சை நிறுத்தியிருந்தார். அந்தத் தெருவில் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது பழக்கம் மட்டும்தான். பவுனம்மாள் உள்ளே திரும்பி, இருமிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "எப்பக்கா வரணும்?" என்று மட்டும் கேட்டாள். இந்த வாடகைப் பேச்சில் எனக்குக் கமிஷன் என்று ஒரு டீகூட வரவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு குடும்பமும் ஒரே நாளில் குடிபோனார்கள். அஜீசுன்னிசாவின் மெஷின்கள் குட்டி யானை வண்டியில் வந்தன. பவுனம்மாளின் சாமான்கள் கிருஷ்ணப்பனின் ஆட்டோவில் நாலைந்து நடையாக வந்தன. பிள்ளைகள் இரண்டும் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாட ஆரம்பித்துவிட்டன. பால் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டு மூஞ்சிகளுக்கும் ஒரு டம்ளர் போனது. கொஞ்சம் இளகின மாதிரிதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஈபி கார்டைக் கொடுக்கப் போனேன். பவுனம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. எனக்குத் திக்கென்றது. புது இடம், ஏதாவது தகராறோ, வந்தது தப்போ என்று என்னென்னவோ ஓடியது.

"இன்னாம்மா, ராத்திரி தூங்கலியா?"

"எங்கண்ணா தூங்குறது? பாப்பா ராத்திரி பூரா இருமவே இல்ல. சத்தமே காணோமேன்னு பயமா பூடுச்சி. மூச்சு வருதான்னு எயுந்து எயுந்து மூக்காண்ட கைய வச்சிப் பாத்துக்கினே இருந்தேன்."

மேலே, மாடிப்படியிலிருந்து அஜீசுன்னிசாவின் குரல் கேட்டது.

"நீயுமாடி?"