இரண்டு அலகா, மூன்று அலகா?

விற்ற சாமானை இந்த நாட்டுக்குள் பாவிக்கக் கூடாது என்று வாங்குபவரிடமே சொல்லி விற்கிற தொழில் அதிகம் இருக்காது. எனக்கு அதில் ஒன்று வாய்த்தது. நோர்வேயில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. ஆனாலும் ஒஸ்லோவில் நான் வேலைக்கு நின்ற சின்னக் கடையில் வேட்டை அம்புமுனைகள் விற்றோம். வாங்குகிறவர்கள் கப்பலேறி டென்மார்க் போய், அங்கே அனுமதி எடுத்து, ஆட்டு உயரத்து மான்களைத் தேடுவார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது, ஆறு மாதச் சோதனைக் காலம். கடையில் நின்று கால் கடுத்த யாருக்கும் நான் பட்டது விளங்கும்.

முதல் நாள் பரீட்சை

கடைக்காரி இங்கருக்கு அறுபது வயது. கப்பி பூட்டிய புதுமாதிரி வில்லைத் தொடவே மாட்டார், மரவில்தான். அவர் பேசியதெல்லாம் நோர்வேஜிய மொழியில். என் நினைவில் ஏனோ யாழ்ப்பாணத் தமிழில்தான் நிற்கிறது. முதல் நாள் பத்துப் பன்னிரண்டு முனைகளை மேசையில் பரப்பிவிட்டு, மரவில்லுக்கு எதை எடுப்பாய் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. நாலு அலகும், அதாவது நாலு வெட்டுத்தகடும், ஓரமெல்லாம் பல்லுமாக இருந்த ஒன்றைத் தூக்கினேன். பார்த்தாலே நெஞ்சு திக்கென்றது. அதுதான் நல்ல சாமானுக்கு அடையாளம் என்று நினைத்துவிட்டேன்.

இங்கர் பொறுமையாகச் சொன்னார். மரவில்லுக்குத் தள்ளுகிற பலம் குறைவு. அலகு கூடினால் முனை மானின் உடம்புக்குள் பாதி வழியில் நின்றுவிடும். மான் உடனே விழாது, காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து வேதனைப்பட்டுச் சாகும். என் பேச்சைக் கேட்டு வாங்கிய ஒருவரால் அப்படி ஒன்று நடந்தால் என் சோதனைக் காலமும் அன்றோடு முடியும் என்றும் சொல்லி வைத்தார். பிறகு என் கையில் இருந்ததை வாங்கி உள்ளே வைத்தார்.

"நீ உன்னைப் பயப்படுத்தினதை எடுத்திருக்கிறாய். மானுக்கு நாங்கள் பயம் காட்டத் தேவையில்லை."

மொட்டைக் கை

முனை கூரா என்று பார்க்க முன்கை மயிரை வழித்துப் பார்ப்பது இந்தத் தொழில் வழக்கம். வழித்தால் கூர், இழுத்தால் இன்னும் தீட்ட வேண்டும். இரண்டு கிழமையில் என் இடக்கை பளபளவென்று ஆகிவிட்டது. அந்த ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு அரைக்கைச் சட்டையோடு போய்விட்டேன். பூசை முடிந்ததும் ஒரு அன்ரி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தொற்றக்கூடியதா என்று அம்மாவிடம் கேட்டார். இன்னொருவர் ஒரு களிம்பின் பெயரை எழுதித் தந்தார். அடுத்த மாதம் மச்சாளின் கலியாணம்; அம்மாவுக்குக் கவலை தலைக்கேறிவிட்டது.

மறுநாள் இதை இங்கரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். இரண்டும் மொட்டை.

"கலியாண வீடு வருதெண்டால் கையை விட்டிட்டுக் கால் மயிரை வழிச்சுப் பார்."

சிவப்பு

ஒரு சட்டத்தரணி வந்தார். அவருடைய அம்புகளுக்குச் சிவப்பு இறகு. முனையும் சிவப்பு வேண்டுமாம். சீலைக்குச் சட்டைத்துணி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக இறகோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நான் விடவில்லை. நிறமல்ல, எடை பொருந்த வேண்டும், அம்பு வளையும் அளவு பொருந்த வேண்டும், முனை நேராக இருக்கிறதா என்று சுழற்றிப் பார்க்க வேண்டும் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். அரை மணித்தியாலம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், டென்மார்க்குக்கு எப்போது போகிறீர்கள் என்றேன். அவர் போகவில்லை. வரவேற்பறைச் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்.

"வேட்டையோ? எனக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுத்தும்."

கணவாய்

முனையைத் தீட்டும்போது கை வழுக்காமல் இருக்க, ஒரு சாண் தடியில் அதைப் பொருத்திக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு அலகு ஒன்றையும் மூன்று அலகு ஒன்றையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்துத் தீட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா குறொன்லாண்ட் கடைத்தெருவில் கணவாய் வாங்கி வந்திருந்தார். மேசையில் பிடி போட்ட சின்னக் கத்திகள் இரண்டு கிடந்தால் அவர் என்ன செய்வார்? நான் வெளியே வந்தபோது பாதிக் கணவாய் முடிந்திருந்தது.

ஓடிப்போய் இரண்டையும் பறித்தேன். அம்மாவோ ஒரு சமாதானமும் சொல்லாமல், மூன்று அலகு கொழுவிக்கொண்டு நிற்குது, இரண்டு அலகுதான் வழுக்கிக்கொண்டு போகுது, இனிமேல் வாங்கினால் இதையே வாங்கு என்று தீர்ப்பும் சொன்னார். கறி நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை பயந்து பயந்து இங்கரிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"நாளைக்கு உன்ரை அம்மாவை அனுப்பு. அவவுக்குச் சோதனைக் காலம் தேவையில்லை."

ஆர்னெ

சோதனைக் காலம் முடிய மூன்று கிழமை இருக்கும்போது லில்லெஸ்ட்ரோமில் இருந்து ஆர்னெ வந்தார். ஓய்வுபெற்ற ரயில் சாரதி, எழுபதை நெருங்கியவர். வில்லைத் தானே செதுக்கியிருந்தார். தோள்மூட்டு வலி; லேசாக இழுக்கவென்று சீவிச் சீவி வில் மிகவும் மெலிந்து போயிருந்தது. முதல் வேட்டை, அநேகமாகக் கடைசி வேட்டையும் அதுதான். எங்கிருந்தோ தருவித்த அகலமான மூன்று அலகு முனைகளைத் தந்து, இவற்றைத் தீட்டித் தா என்றார். இங்கர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

தீட்டிக் கொடுத்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த மெலிந்த வில்லைப் பார்த்ததும் முதல் நாள் இங்கர் சொன்ன மான் நினைவுக்கு வந்தது. முடியாது என்றேன். இரண்டு அலகு முனையைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் பதினைந்து மீற்றருக்கு அப்பால் நிற்கிற மானுக்கு வில்லையே தூக்கக் கூடாது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. முப்பது மீற்றரில் போத்தல் மூடிக்கு அடிப்பேன், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒரு மானைக்கூட வேட்டையில் கண்டதில்லை. இருந்தும் அசையவில்லை. நான் கொடுத்த இரண்டு அலகு முனைகளை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு, கதவு திறக்கும்போதெல்லாம், காயத்தோடு ஓடிய மானின் கதை உள்ளே வருகிறதென்று பயந்தேன். சோதனைக் காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஆர்னெயே வந்தார். ஒரு முனையை மேசையில் வைத்தார். அதில் ஒரு கீறலும் இல்லை.

மான் வந்ததாம். இருபத்திரண்டு மீற்றரில், பக்கவாட்டில், நெடுநேரம் நின்றதாம். என்னைத் திட்டிக்கொண்டே காத்திருந்திருக்கிறார். அது கிட்ட வரவில்லை, புல்லைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. இங்கர் என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டார், இவன் தந்த முனை நல்லதா என்று. ஆர்னெ தன் கையை விரித்துக் காட்டினார்.

"முனையைப் பற்றி எனக்குத் தெரியாது. மானைக் கண்டவுடனை என்ரை கை நடுங்கினது. இவன் சொல்லாட்டி நான் அம்பை விட்டிருப்பன்."

இங்கர் மேசை லாச்சியைத் திறந்து என் வேலைப் பத்திரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மானையும் தொடாத அம்புமுனையை விற்று நிரந்தர வேலை வாங்கியவர் இந்தத் தொழிலில் இன்னொருவர் இருந்தால், அவரோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க எனக்கு ஆசை.