கண்ணாடிக்குள் வைத்த பெட்டி

எங்கள் நாயினா தன் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு பொய்யைத்தான். நாயினா என்றால் எங்கள் வீட்டுத் தெலுங்கில் அப்பா.

அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டோரம் எங்கள் ஆட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் எலி பிடித்துக் கொடுப்பது தொழில். அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேகரிக்கிற ஒருவர் ஜீப்பில் வந்தார். எலி பிடிக்கிற பொறியான கிட்டி, வலை எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் சாமிப் பெட்டியையும் கேட்டார்.

சாமிப் பெட்டியை வெளியாள் கண்முன் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சித்திரையில் ஒரு நாள் வீட்டாள் மட்டும் இருந்து திறப்போம். வந்தவர் விடாக்கண்டன் என்றால் நாயினா கொடாக்கண்டன். கூடாரத்துக்குள் போய் வேறொரு ஓலைப்பெட்டியை எடுத்தார். மூன்று மயிலிறகு, ஒரு சோழி மாலை, ஒரு பன்றிப் பல் என்று கையில் கிடைத்ததை உள்ளே போட்டார். சூடம் காட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வேட்டைக்குப் போகுமுன் இறகைக் கிட்டியில் கட்டுவோம் என்று ஒரு கதையும் சேர்த்துவிட்டாராம். வந்தவர் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு சித்திரையிலும் நாயினா இதை நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிக்க இடம் வாங்கினாள். எங்கள் ஆட்களில் முதல் ஆள் அவள். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும். நாங்கள் உண்மையிலேயே அந்த ஆட்கள்தானா என்று விசாரிக்க ஒரு அதிகாரி நாங்கள் குடியேறியிருந்த காலனிக்கு வந்தார். நல்ல மனிதர்தான், மோர் கொடுத்தோம், வாங்கிக் குடித்தார். கையில் எங்கள் ஆட்களைப் பற்றிய ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் இருந்தது.

கிட்டியை வைத்துக் காட்டச் சொன்னார், காட்டினோம். எங்கள் பேச்சில் பேசச் சொன்னார், பேசினோம். "சாமிப் பெட்டியத் திறங்க" என்றார்.

நாயினா என்னைப் பார்த்தார். நான் என் மகளைப் பார்த்தேன். எழுபது வயதுக் கிழவர் உள்ளே போய் உண்மையான பெட்டியைத் தூக்கிவந்து, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தார். வெளியாள் கண்முன் அதைத் திறந்தார். சிவப்புத் துணிக்குள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளும் ஒரு கரிசல் மண்கட்டியும் இருந்தன. தீயில் இறங்கித் தெய்வமான எங்கள் குலத்து அம்மையின் வளையல், அவள் நின்ற மண். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிகாரி தாளைப் புரட்டினார். "மயிலிறகு எங்க? சோழி எங்க?"

"அது பொய்யி அய்யா. நாந்தான் செஞ்சு குடுத்தேன்."

"அது மியூசியத்துல இருக்கு பெரியவரே. புத்தகத்துல போட்டிருக்கு. நீங்க என்ன, இல்லங்கீங்க?" அவர் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் வாரேன். நல்லா தேடி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நாயினா சோளக்காட்டில் மயிலிறகு பொறுக்கினார். எட்டயபுரம் ரோட்டுக் கடையில் நான் சோழி வாங்கினேன், பன்றிப் பல்லும் ஒன்று தேடிப் பிடித்தேன். அதிகாரி வந்தார், ஒவ்வொன்றாக டிக் அடித்தார், போட்டோ எடுத்தார். சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகு காலனியில் வீட்டுக்கு ஒரு மயிலிறகுப் பெட்டி. கிட்டியில் இறகு கட்டுகிற கதையைப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். நாயினா மட்டும் அந்தக் கதையை அப்புறம் நடித்துக் காட்டவே இல்லை.

சாவதற்கு முன் என்னிடம் சொன்னார்: "ஏட்டி, அந்தப் பழைய பெட்டி அவிய கண்ணுல படக்கூடாது. பட்டா நம்ம பொய்யின்னு எழுதிருவாவ. பிள்ள பொழப்பு போயிரும்."

போன மாதம் மகளுக்கு ஆஸ்பத்திரியில் அரசு வேலை கிடைத்தது. சான்றிதழை மறுபடி சரிபார்க்க வருகிறார்களாம், இந்தத் தடவை வீட்டையும் சோதிப்பார்களாம். தபால் வந்த நாளிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே பெட்டியைத் தூக்கி இடம் மாற்றி ஒளித்து வைத்தேன். சாமியை வீட்டில் வைத்துக்கொண்டு திருட்டுப் பொருள் வைத்தவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் சிவப்புத் துணியை மடியில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். கோடையில் கரிசல் முழங்கை ஆழத்துக்கு வெடித்துக் கிடந்தது. வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். மண்கட்டியையும் போட்டேன். ஒரு மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும், எந்த இடம் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்கன ஆஸ்பத்திரியிலயும் விசாரிக்காவ. நம்ம பெட்டியில என்ன இருக்குன்னு சொல்ல?"

"மயிலிறகு" என்றேன்.