சிவப்பு முண்டாசு கட்டியவர் யார்?

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு படத்தை முப்பது தடவைக்கு மேல் பார்த்தேன். முழுப் படத்தையும் பார்த்தால் ஆள் உயிரோடு இருக்க முடியுமா? அதில் வரும் மூன்று நொடியை மட்டும்.

வாராவாரம் வீட்டில் சிடி போட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து புலம்புகிறவள் நான். நல்ல படம், மொக்கைப் படம் என்று பட்டென்று சொல்லிவிடுவேன். இந்த முறை ஒரே குழப்பம்... நீங்களே கேளுங்கள்.

படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். எங்கள் மரக்காணம் உப்பளத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஷூட்டிங் நடத்தினார்கள் என்பதற்காகவே சிடிக் கடையில் தேடிப்பிடித்து வாங்கி வந்தேன். ஹீரோ அமெரிக்கா ரிட்டர்ன். ஹீரோயின் உப்பள முதலாளி மகள். கனவுப் பாட்டில் நம்ம ஊர் உப்புக் குவியல்தான் இமயமலை! மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தப் பெண் குளிரில் நடுங்குகிறாள். பாவம், வேர்வை காதோரம் வழிகிறது.

"அது உப்புன்னு தெரியாத மாதிரி நீயும் கொஞ்சம் நடியேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து பார்த்தவள் தனம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பக்கத்து வீடு. உப்பளத்தில் கூலி வேலை. அவள் கணவர் ஏழுமலைக்கும் அதே வேலைதான். போன வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஷூட்டிங்கில் கூடை தூக்கி நடந்தேன் என்று அவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த படம் இது. திண்டிவனம் தியேட்டரில் நான்கே நாள் ஓடியது. இவர்கள் போவதற்குள் தூக்கிவிட்டார்கள். அதனால் படம் கிடைத்ததும் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது சிடியில் அந்தக் காட்சி வந்தது. பாத்தி வரப்பில் நின்று ஹீரோவும் ஹீரோயினும் சண்டை போடுகிறார்கள். பின்னால் வரிசையாக ஆட்கள் உப்புக் கூடையோடு போகிறார்கள். பத்துப் பேருக்கும் சினிமா கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி சிவப்பு முண்டாசு. அதில் ஒருவர் ஹீரோயின் தோளுக்குப் பின்னால் மிக அருகில் கடக்கிறார். பக்கவாட்டு முகம். மூன்று நொடி.

"நிறுத்துங்க டீச்சர்!" என்று எழுந்தேவிட்டாள் தனம். "அவருதான்... அவருதான் டீச்சர்!"

நிறுத்தினால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பின்னால் ஓட்டினால் ரொம்ப தூரம் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும், "நான் உப்பு இல்ல, கரையறதுக்கு!" என்று ஹீரோ கத்திய பிறகுதான் அந்த மூன்று நொடி வரும். தாங்க முடியாத வசனம். அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"வீட்ல கல்யாண போட்டோ இருக்குது டீச்சர். அதுல அசையாம இருக்காரு. இதுல நடக்குறாரு பாருங்க" என்றாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து அவளைக் கூப்பிட வந்தான் செல்வம். ஏழுமலையின் தம்பி. முன்பு அண்ணனோடு உப்பளத்தில் இருந்தவன், இப்போது குயிலாப்பாளையத்தில் கட்டட வேலைக்குப் போகிறான்.

"செல்வம், இங்க வா. ஒங்கண்ணன் போறாரு பாரு!"

மறுபடி ஓட்டினேன். ஹீரோ கத்தினார். கூடைக்காரர் கடந்தார். செல்வம் டிவியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

"ஆமா அண்ணி. அண்ணன்தான்" என்றான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை, இல்லையா? தனத்தை வீட்டில் விட்டுவிட்டு அவன் மட்டும் திரும்பி வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"டீச்சர்... அது நான்."

எனக்குப் புரியவில்லை. "எது?"

"படத்துல போறது. அண்ணன்தான் மொதல்ல நடந்தாரு. கேமராவ பாக்காதய்யான்னு டைரக்டரு நாலு வாட்டி கத்துனாரு. அண்ணனுக்குப் பாக்காம நடக்க வர்ல. அஞ்சாவது வாட்டி, நீ போ, வேற ஆள் வரட்டும்னுட்டாங்க. அவரு முண்டாச அவுத்து என் தலையில கட்டிவுட்டு, வீட்ல சொல்லாதடான்னாரு. இத்தினி நாள் சொல்லல. இன்னிக்கு எப்பிடி டீச்சர் சொல்றது?"

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் பாரம் இறங்கிவிட்டது. ஏறியது என் தலையில்!

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. தனத்திடம் உண்மையைச் சொல்வதா? சொன்னால், கிடைத்த மூன்று நொடியையும் பிடுங்கியவள் ஆவேன். சொல்லாவிட்டால்? கொழுந்தன் நடப்பதைப் பார்த்துக் கணவன் என்று அழுகிறாள் ஒருத்தி. அதற்கு நான் ரிமோட் அமுக்குகிறேன். இது உதவியா, மோசடியா?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ படம் நல்லாருக்கா இல்லையான்னு எழுதுறவ. அதோட நிறுத்திக்க" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம்.

போன ஞாயிறு தனம் சரியாக அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு வாட்டி போடுங்க டீச்சர்."

போட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி, "தனம், அந்த ஆளு..." என்று ஆரம்பித்தேன்.

"செல்வம்தான. தெரியும் டீச்சர்" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படித் தெரியும்? அவன் சொன்னானா?"

"அவன் ஏன் சொல்றான்? எனக்காகப் பொய் சொன்னவன் அவன். அன்னிக்கு முழுக்க அவருன்னுதான் நெனச்சேன். அப்புறம் வீட்ல நெனச்சுப் பாத்தா, அண்ணன் தம்பி ஒரே சாடைதான், ஆனா இந்த ஆளு கேமராவையே பாக்கல. அவரால அது முடியாது டீச்சர். தாலி கட்டுற போட்டோவுலயே என்னப் பாக்காம கேமராவத்தான் பாத்துக்கினு இருக்காரு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

"தெரிஞ்சும் எதுக்கு மறுபடி போடச் சொன்ன?"

அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். "செல்வத்த வுடுங்க. பின்னாடி பாருங்க." திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். தூரத்தில் ஓர் உப்புக் குவியல். அதன் பக்கத்தில் கறுப்பாக, விரல் நகம் அளவுக்கு ஏதோ ஒன்று. "முண்டாசு இல்லாம ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. எல்லாரும் வேலையப் பாக்குறாங்க. இவரு மட்டும் கேமராவப் பாக்குறாரு. அன்னிக்குப் போனவ, வீட்டுக்குப் போயி யோசிச்சிக்கினே இருந்தேன். யாரோ நின்ன மாதிரி இருந்திச்சேன்னு."

முண்டாசை அவிழ்த்துத் தம்பிக்குக் கட்டிய கதை அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். தள்ளி வந்து பார்த்தேன். நிறுத்தினால் கட்டம், ஓடினால் மங்கல். ஓர் ஆள் நிற்பது போலவும் இருந்தது. கம்பு நட்டு அதன் மேல் சாக்கைப் போட்டிருப்பது போலவும் இருந்தது. சாக்குக்குக் கண் ஏது, கேமராவைப் பார்க்க?

"தெரியுதா டீச்சர்?"

ஒரு வாரமாக உண்மையா பொய்யா என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். கேள்வி என்னிடம் வந்தபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தெரியுது தனம்" என்றேன்.

அப்புறமும் நாலைந்து தடவை ஓட்டினேன். அவள் போன பிறகு தனியாகவும் பார்த்தேன். ஒரு தடவை ஆள். ஒரு தடவை சாக்கு. இன்று வரை எனக்குத் தெளியவில்லை.

தனத்துக்கு இந்தப் பக்கத்தை யாராவது படித்துக் காட்டினால், ஒரே ஓர் உதவி... செல்வம் சொன்னதையும் சாக்கையும் விட்டுவிட்டு, "தெரியுது தனம்" என்ற இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.